கத்திரி நழுவிய கை

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சைத் தோட்டங்களில் கொடி கட்டுவது, இலை கிள்ளுவது, குலை அறுப்பது என எல்லாமே கையைத் தலைக்கு மேல் தூக்கிச் செய்யும் வேலை. ஒன்றரை ஏக்கர் பந்தல் வைத்திருக்கும் அந்த நாற்பது வயது அம்மாவும் இருபது வருஷமாக அப்படித்தான் நின்று வேலை பார்த்தார்.

ஒரு நாள் குலை அறுக்கும்போது கத்திரி கையிலிருந்து நழுவி விழுந்தது. "என்ன மதினி, தூக்கமா?" என்று பக்கத்தில் நின்றவர் கேலி செய்தார். தூக்கம் இல்லை. வலது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயிருந்தன. கையைத் தொங்கவிட்டு உதறினால் சரியாகும். மறுபடி தூக்கினால் மரத்துப்போகும்.

தைலம் தேய்த்தார். சுளுக்கு எடுத்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்த்தார், இல்லை. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று மாத்திரை சாப்பிட்டார். இப்படியே ஒரு வருஷம் போனது. மகளுக்குச் சடை பின்னக்கூட முடியாத நிலை வந்தபோதுதான் மதுரைக்குப் போனார்கள்.

அங்கே மருத்துவர் இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, முழங்கையை மடித்து, மூன்று நிமிடம் விரல்களை மூடித் திறக்கச் சொன்னார். ஒரு நிமிடத்திலேயே வலது கை தானாக இறங்கிவிட்டது. கழுத்துக்கு எக்ஸ்ரே, ஸ்கேன், நரம்புப் பரிசோதனை எல்லாம் முடிந்த பிறகு நோயின் பெயரைச் சொன்னார்: தொராசிக் அவுட்லெட் சின்ட்ரோம்.

காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவே ஒரு குறுகிய சந்து இருக்கிறது. கைக்குப் போகும் நரம்புகளும் ரத்தக் குழாய்களும் அதன் வழியாகத்தான் போகின்றன. தண்ணீர் போகும் ஓஸ் பைப்பைக் காலால் மிதித்தது போல, அந்தச் சந்தில் நரம்பு நசுங்குகிறது. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் கூடுதலாக ஒரு விலா எலும்பு இருக்கும். இவருக்கு அது இல்லை. இறுகிய தசையும் முதல் விலா எலும்பும்தான் காரணம்.

உடனே அறுவை சிகிச்சை சொல்லவில்லை. முதலில் நான்கு மாதம் பிசியோதெரபி. வலி குறைந்தது, ஆனால் கைப்பிடி பலம் குறைந்துகொண்டே வந்தது. "கட்டைவிரல் அடிச் சதை வற்றிப்போனால், பிறகு எந்தச் சிகிச்சை செய்தாலும் முழுசாகத் திரும்பாது" என்றார் மருத்துவர்.

"விலா எலும்பை எடுத்துட்டா மூச்சு எப்படிங்க விடுவா?" என்று கணவர் பயந்தார். அந்த ஒரு எலும்பு இல்லாததால் மூச்சுக்குக் குறை வராது என்று மருத்துவர் விளக்கினார். 1966ல் அமெரிக்க மருத்துவர் டேவிட் ரூஸ் அக்குள் வழியாக அதை எடுக்கும் முறையை வெளியிட்டார். அக்குள் வழியாகவோ, காறை எலும்புக்கு மேலே கீறியோ எடுப்பது இன்றும் உண்டு. இவருக்கு மார்பின் பக்கவாட்டில் மூன்று சிறிய துளைகள் போட்டு, ஒன்றில் கேமராவை விட்டு, திரையில் பார்த்தபடி எலும்பை வெட்டி எடுத்தார்கள். துளை சிறியது என்பதால் ஆபத்தே இல்லை என்று ஆகிவிடாது. ரத்தக் கசிவு, நரம்புக் காயம், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது ஆகியவை நேரலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.

நான்காம் நாள் வீடு திரும்பினார். மூன்று மாதம் சுமை தூக்கவில்லை. இப்போது விரல் மரப்பதில்லை. கத்திரி கையில் நிற்கிறது. ஆனாலும் நாள் முழுக்கக் கை தூக்கி நின்றால் தோள் கனக்கிறது. அதனால் கணவர் ஒரு மர பெஞ்சு செய்து கொடுத்திருக்கிறார். அதில் ஏறி நின்றால் குலை நெஞ்சு உயரத்துக்கு வந்துவிடும். அரை மணிக்கு ஒருமுறை கையை இறக்குகிறார். முதுகில் மாட்டும் தெளிப்பானை அவர் இப்போது தொடுவதில்லை; அதன் பட்டை தோளை அழுத்துமே!

விரல் மரப்பதெல்லாம் இந்த நோய் இல்லை. சர்க்கரை, கழுத்துச் சவ்வு, மணிக்கட்டு நரம்பு ஆகியவையும் காரணமாகலாம். ஆனால் கையைத் தூக்கும்போது மரத்து, இறக்கினால் சரியாகிறது என்றால், அதை மருத்துவரிடம் அப்படியே சொல்ல வேண்டும். கை திடீரென வீங்கி நீலம் பாய்ந்தாலோ, வெளுத்துச் சில்லிட்டாலோ அன்றைக்கே போக வேண்டும். காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், இந்தச் சிகிச்சைக்கு அது செல்லுமா என்று மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

அந்தத் தோட்டத்தில் இப்போது பெஞ்சு ஒன்றல்ல, நான்கு. கேலி செய்த அந்தப் பெண்ணும் ஒன்றில் ஏறி நின்றுதான் குலை அறுக்கிறார்.