அரை மாத்திரை போதாது

நான் சொன்னது தபால்தலை. செல்பேசித் திரையில் விழுந்தது 'வந்து'. ஜப்பானிய மொழியில் 'கித்தே' தபால்தலை, 'கிதே' வந்து. குரல்வழித் தட்டச்சில் எத்தனை முறை சொன்னாலும் அதே 'வந்து'.

காரணம் பிடிபடச் சில வாரங்கள் ஆயின. மெய்க்கு அரை மாத்திரை என்பது தொல்காப்பியம் சொல்லும் கணக்கு. நம் நாக்கு அதில் ஊறியது. ஜப்பானியருக்கோ அந்த ஒற்றும் ஒரு முழு மாத்திரை. கி, த், தே: மூன்றும் சம அளவு. விரலால் மேசையில் மூன்று தட்டு தட்டி, நடுத் தட்டில் மூச்சை நிறுத்திச் சொன்னேன். தபால்தலை வந்தது. அன்றைய மகிழ்ச்சி இன்னும் நினைவிருக்கிறது. குறில் நெடில் நமக்குப் பாட்டன் சொத்து. 'ஒபசன்' அத்தை, 'ஒபாசன்' பாட்டி, இதில் நான் தடுமாறியதே இல்லை.

வல்லினம்தான் பெரும்பாடு. 'தென்கி' என்பதில் தென்றலின் தகரம் போட்டால் வானிலை; தெய்வத்தின் தகரம் போட்டால் மின்சாரம். நமக்கு எழுத்து ஒன்று என்பதால் காதும் ஒன்றாகவே கேட்கிறது. மெல்லின ஒற்றை அடுத்த ககரத்தையும் 'சங்கு' போலக் குழைத்துவிடுகிறோம். அங்கே அது 'பாக்கு' போல வெடிக்க வேண்டும்.

முழு வாக்கியமாகப் பேசிப் பழகாதீர்கள். 'இன்று வானிலை நன்றாக இருக்கிறது' என்று நீட்டினால், நாம் மின்சாரம் என்றே உச்சரித்திருந்தாலும் மென்பொருள் முன்பின் சொற்களைப் பார்த்து வானிலை என்று திருத்திவிடும். அந்தத் தயவு பயிற்சிக்குக் கேடு. எந்தப் பெயர்ச்சொல்லும் பொருந்தும் 'கொரெ வா ... தெஸ்', அதாவது 'இது ...', என்ற சட்டத்துக்குள் வைத்துச் சொல்வதே என் வழக்கம். அதற்கும் முன்பு, ஜப்பானியர் ஒருவரின் ஒலிப்பதிவை மென்பொருளுக்குக் கேட்கக் கொடுப்பேன். அவர் சொன்னதையே தவறாக எழுதினால் அந்தச் சொல்லை விட்டுவிடுவேன்.

சுருதி ஏற்ற இறக்கத்துக்கு இந்த வழி உதவாது. டோக்கியோ வழக்கில் 'ஹஷி' இறங்கினால் உணவுக்குச்சி, ஏறினால் பாலம். அதற்கு மனிதக் காதுதான் வேண்டும்.

ஜப்பானிய மொழித் திறன் தேர்வில் ஐந்து நிலைகள் உண்டு. எதிலும் பேச்சுத் தேர்வு இல்லை. நம் உச்சரிப்பை அங்கே யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே நாமே சோதித்துக்கொள்ள வேண்டியதுதான். இன்றே செல்பேசியில் ஜப்பானிய விசைப்பலகையைச் சேர்த்து, 'கித்தே' என்று சொல்லிப் பாருங்கள்.