பனை உச்சிக்கு எதிரே ஒரு கேமரா

2025 ஜூனில் நாம் தமிழர் கட்சியின் சீமான் பெரியதாழையில் பனையேறிக் கள் இறக்கிய படங்கள் எங்கும் வந்தபோது, புதுச்சேரியில் கல்யாண போட்டோகிராபராக இருக்கும் நண்பர் சொன்னார்: “தலைவர் ஏறினா நூறு கேமரா. தினம் ஏறுறவருக்கு முகமே விழாது.” அடுத்த பங்குனியில், பாளை சீவும் பருவத்தில், என்னைப் பாகூர்ப் பக்கம் கூட்டிப்போனார்.

அரியாங்குப்பம், தவளக்குப்பம் தாண்டி கிருமாம்பாக்கத்தில் மேற்கே திரும்ப வேண்டும். அந்தப் பக்கத்தில் எது புதுச்சேரி, எது தமிழ்நாடு என்பது வெளியாளுக்குச் சட்டென்று பிடிபடாது. பனையேறிக்குத் தெரிந்தே ஆகவேண்டும். இந்தப் பக்கம் கள் இறக்குவது உரிமத் தொழில். அந்தப் பக்கம் 1987 முதல் குற்றம்.

நாங்கள் பார்க்கப்போன பனையேறிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். மரம் உரசி உரசி மார்பு காய்த்துப்போயிருந்தது. காலில் தளையை மாட்டிக்கொண்டு ஏறினார். நண்பர் அடிமரத்தில் நின்று ஒரு படம் எடுத்துக் காட்டினார்: பெரிய பாதங்கள் இரண்டு, மேலே கறுப்பாக ஓர் உருவம். வானத்துக்கு வெளிச்சம் அளந்தால் ஆள் இருட்டிப்போகிறார். ஆளுக்கு அளந்தால் வானமும் ஓலையும் வெளுத்துவிடுகின்றன.

மலைமுகட்டில் ஏறுகிறவர்களைப் படமெடுப்பவர்களுக்கும் இதே வில்லங்கம்தான். அதனால் அவர்கள் முன்கூட்டியே மேலே போய், கயிற்றில் தொங்கியபடி காத்திருக்கிறார்கள். 2017-ல் அலெக்ஸ் ஹொனால்ட் கயிறே இல்லாமல் எல் கேப்பிடன் பாறையில் ஏறியபோது ஜிம்மி சின்னின் படக்குழு அப்படித்தான் தொங்கியது. ஆனால் மிகக் கடினமான கட்டத்தில் ஆளில்லாக் கேமராவை வைத்துவிட்டு விலகிக்கொண்டது. பக்கத்தில் ஆள் இருந்தாலே கவனம் சிதறலாம்.

நண்பர் முன்பு ட்ரோன் பறக்கவிட்டுப் பார்த்திருக்கிறார். “ரெண்டு கையும் பாளைல இருக்கு. காதுகிட்ட கடந்தை மாதிரி கொய்ங்னு வந்தா யாரு சார் நிப்பாங்க?” என்றார் பனையேறி. ட்ரோன் பைக்குள் போய்விட்டது. இப்போது கொம்யூன் பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிதான் கதி. அனுமதி வாங்கிய கதை வேண்டாம். தொட்டி மேலே போனால் பனையின் கொண்டை நேர் எதிரே. காலை வெயில் பக்கவாட்டில் விழும் கொஞ்ச நேரம்தான் முகம் கிடைக்கும்.

லென்ஸ் வழியே நான் பார்த்தது முகத்தையல்ல, அரிவாளை. அதைத் தீட்டுவது பலகையில். வெள்ளைக்கல்லைப் பொடித்துத் தூவித் தேய்க்கிறார். பாளை நுனியில் ஒரே சீவு. கீழே விழுந்த சீவலை அப்புறம் எடுத்து வெயிலில் பிடித்தேன். பின்னாலிருந்த விரல் தெரிந்தது. தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். சீவாமல் விட்டால் ஊறல் நின்றுவிடும். அதனால் காலையும் மாலையும் ஏற்றம் தப்பாது. பாளையை இடுக்கிப் பதம் பண்ணுவதையும் விளக்கினார், எனக்குப் பிடிபடவில்லை. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் பதநீர், தடவாவிட்டால் கள் என்பது மட்டும் புரிந்தது.

கள்ளுக்கடையைக் கலால் துறை ஏலம் விடுகிறது. எடுத்தவர் போட்ட பணத்தை எடுத்தாக வேண்டும். மரத்துக்காரருக்குக் குத்தகை போக வேண்டும். தவறினால் இடுப்பு ஒடியப்போகிறவருக்கு மிச்சம் மீதி. ஒருமுறைகூட அண்ணாந்து பார்க்காதவர்களெல்லாம் அவருக்கு முன்னால் பங்கு வாங்கிவிடுகிறார்கள். இதற்குப் பெயர் வியாபாரமாம். புதுச்சேரி ஒயிட் டவுன் விடுதிகளுக்குப் பனையேறி என்றால் சுவரில் மாட்டும் ‘பாரம்பரியம்’. நண்பரே அப்படி இரண்டு படம் விற்றவர். கடைக்காரர் கள்ளில் எடுப்பதை நீங்கள் சட்டத்தில் மாட்டி எடுக்கிறீர்கள் என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

இறங்கி வந்தவரிடம் நண்பர் பணத்தை நீட்டினார். “படத்துக்கு ஒண்ணும் வேணாம் தம்பி. இப்பிடித் திரும்புங்க, அப்பிடியே இருங்கன்னு தொட்டி மேலேருந்து கத்தினீங்களே, அந்த நேரத்துல ரெண்டு மரம் ஏறியிருப்பேன். அதுக்குக் குடுங்க.”

இரண்டு மரத்துக் கூலியை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தார்.