30 ரூபாய் குமாஸ்தாவும் 37,000 ரூபாய் உதவித்தொகையும்

பி.காம். படிக்கிறவனுக்கும் அறிவியல் ஆராய்ச்சிக்கும் என்ன சம்பந்தம்னு கேட்பீங்க. கணக்குதான் சம்பந்தம் நண்பர்களே!

கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், கல்லூரியில் ஆங்கிலத்தில் தவறியதால் உதவித்தொகையை இழந்தவர். 1912-ல் சென்னைத் துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா. மாதம் 30 ரூபாய் சம்பளம். 1913 ஜனவரியில் தன்னுடைய தேற்றங்களோடு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். அதற்கு முன்னால் அங்கே வேறு பேராசிரியர்களுக்கு எழுதியும் பலன் இல்லை. ஹார்டிக்குப் புரிந்தது. அதே வருடம் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே இல்லாத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. மூணு மாசத்துக்கு ஒரு அறிக்கை கொடுக்கணும், அவ்வளவுதான் நிபந்தனை. குமாஸ்தா சம்பளத்தைப் போல இரண்டரை மடங்கு!

இந்தக் கதையை இப்ப எடுத்ததுக்குக் காரணம் எங்க அக்கா. எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடம். பி.எச்டி. பண்ணணும்னு ஆசை. "இன்னும் அஞ்சு வருஷம் யாரும்மா பணம் கட்டுறது? பி.எட். முடிச்சு ஒரு பள்ளிக்கூடத்துல சேரு"ங்கிறார் அப்பா. சாகுபடிக்கு வச்ச நகையே இன்னும் மீட்கலை. அவர் கவலையும் நியாயம்தான்.

அதனால நான் நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால், 2023-ல் உயர்த்தியபடி முதல் 2 வருடம் மாதம் 37,000 ரூபாய். மதிப்பீட்டில் தேறினால் அடுத்த 3 வருடம் 42,000. மொத்தம் 24 லட்சம். வீட்டு வாடகைப்படி தனி. முதுகலை கடைசி வருடத்திலேயே தேர்வு எழுதலாம். நம்ம வணிகவியலுக்கும் யு.ஜி.சி. நெட் வழியாக இதே தொகை உண்டு, வகுப்புத் தோழர்கள் கவனிக்க :-)

இடத்துக்கும் ரொம்ப தூரம் போக வேண்டாம். திருவாரூர் நீலக்குடியில் மத்தியப் பல்கலைக்கழகம் இருக்கு. 1948-ல் அடிக்கல் நாட்டிய காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், நம்ம திருத்துறைப்பூண்டி வழியாப் போற ரயில் பாதையிலேயே இருக்கு.

ஆனா வரவு மட்டும் எழுதினா அது கணக்கு இல்லையே. ஜே.ஆர்.எஃப். கடுமையான போட்டி. பேராசிரியரின் ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்தால், திட்டம் முடியும்போது சம்பளமும் முடியும். உதவித்தொகை சில நேரம் மாசக்கணக்கில் தாமதமாகும்னு சீனியர்கள் சொல்றாங்க. அதனால சேரும் முன்னாடியே கேட்கணும்: பணம் யாருடையது? எத்தனை வருஷத்துக்கு? அந்த வழிகாட்டியிடம் முன்பு சேர்ந்தவங்க எத்தனை வருஷத்தில் முடிச்சாங்க? மூணு மாசச் செலவுக்காவது கையில் இருப்பு வச்சுக்கணும்.

பேராசிரியருக்கு எழுதும்போது "எனக்கு ஆராய்ச்சியில் ஆர்வம்"னு மட்டும் எழுதினா போதாது. ராமானுஜன் ஆர்வத்தோடு நிறுத்தலை, செய்த வேலையைக் காட்டினார். எம்.எஸ்சி. புராஜெக்டில் என்ன செய்தோம், அவருடைய எந்தக் கட்டுரையைப் படித்தோம்னு பத்து வரியில் சொன்னாலே போதும். ஒருத்தர் பதில் போடலைன்னா அடுத்தவருக்கு எழுதணும்.

உங்க வீட்டிலும் எம்.எஸ்சி. படிக்கிற அக்காவோ தங்கச்சியோ இருந்தா, பி.எட். விண்ணப்பம் வாங்குறதுக்கு முன்னாடி இந்த 24 லட்சம் கணக்கை அப்பாகிட்ட ஒருமுறை காட்டுங்க. கேட்டுட்டு அவர் வேண்டாம்னு சொல்லலாம். தெரியாமலே வேண்டாம்னு சொல்லிடக் கூடாது.