கித்தாருக்குள் ஒரு கல்யாணக் கார்டு

பழைய எலெக்ட்ரிக் கித்தார் வாங்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது அதன் தலையில் எழுதியிருக்கும் பெயரைத்தான். அந்தப் பெயரை மட்டும் நம்பாதீர்கள் என்று நான் நண்பர்களிடம் சொல்வேன். பெயர் ஸ்டிக்கரை யாரும் ஒட்டலாம். ஒரு கித்தாரின் கழுத்தை இன்னொரு கித்தாரின் உடம்பில் பூட்டலாம். திருகாணிகளைக் கழற்றி உள்ளே பார்த்தால்தான் கதை தெரியும்.

பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மால் ஞாயிறு சந்தையில் நான் 380 ரிங்கிட்டுக்கு வாங்கிய கித்தாரில் அந்தக் குழப்பம் இல்லை. பெயரே கிடையாது. "ஜப்பான் சாமான், சத்தம் வராது" என்பதற்கு மேல் விற்றவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அமெரிக்க கித்தார் என்றால் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் பாகத்தில் எண் குத்தியிருப்பார்கள். 1376622 என்று இருந்தால், 137 என்பது சிடிஎஸ் நிறுவனம், 66 என்பது 1966ஆம் ஆண்டு, 22 என்பது அந்த ஆண்டின் 22ஆவது வாரம். அந்த வாரத்துக்கு முன்னால் அந்தக் கித்தார் உருவாகியிருக்க முடியாது. அறுபதுகளில் வந்த ஜப்பானிய கித்தார்கள் பலவற்றில் இப்படி எந்தத் துப்பும் கிடைக்காது.

ஆனால் வேறு அடையாளங்கள் உண்டு. என் கித்தாரின் தலையில் நான்கு முறுக்காணிகள் ஒரு பக்கம், இரண்டு மறுபக்கம். பெயர்த் தகடு இருந்த இடத்தில் இரண்டு சிறு துளைகள். முன்பக்கம் கோடு போட்ட உலோகத் தகடு. கம்பி அதிர்வை மின்சாரமாக மாற்றும் பிக்கப்புகள் நான்கு; ஒவ்வொன்றுக்கும் தனி சுவிட்ச். கழுத்தைப் பூட்டும் தகட்டில் எஃகு வைத்த கழுத்து என்றும், ஜப்பானில் செய்தது என்றும் ஆங்கிலத்தில் பொறித்திருந்தது. பழைய விற்பனைப் புத்தகங்களின் படங்களோடு ஒப்பிட்டதில் அறுபதுகளின் நடுவில் வந்த டைஸ்கோ என்று முடிவுக்கு வந்தேன்.

டைஸ்கோ 1946இல் தோக்கியோவில் தொடங்கிய நிறுவனம். ஒரு கித்தார் கலைஞரும் ஒரு மின் பொறியாளரும் சேர்ந்து தொடங்கியது. 1967இல் பியானோ செய்யும் கவாய் நிறுவனம் அதை வாங்கிக்கொண்டது. டைஸ்கோவின் கித்தார்கள் அமெரிக்காவில் சில்வர்டோன் போன்ற வேறு பெயர்களிலும் விற்பனையாயின.

நம் பக்கத்தில் அது கித்தார் மோகம் பிடித்த காலம். 1961இல் கிளிஃப் ரிச்சர்டும் ஷேடோஸ் குழுவும் சிங்கப்பூருக்கு வந்து மேடையேறினார்கள். பிறகு பாப் யே யே அலை வந்தது. பினாங்கில் டேவிட் ஆறுமுகம், லோகநாதன் ஆறுமுகம் சகோதரர்களின் அலிகேட்ஸ் குழு உருவானது. அவர்கள் பெயரை நாடே அறியும். கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் வாசித்த எத்தனையோ பேரின் பெயர் அவர்கள் வீட்டைத் தாண்டவில்லை.

என் கித்தார் அப்படிப்பட்ட ஒருவருடையது என்பது கழுத்தைக் கழற்றியபோதுதான் தெரிந்தது. கழுத்து உட்காரும் பள்ளத்தில் மடித்த அட்டைத் துண்டு ஒன்று இருந்தது. கம்பிகள் விரலுக்கு எட்டாத உயரத்தில் நின்றால், இப்படி ஓர் அட்டையைச் செருகிக் கழுத்தின் சாய்வைச் சரிசெய்வார்கள். தீப்பெட்டி அட்டை, விசிட்டிங் கார்டு என்று கைக்குக் கிடைத்ததை வைப்பது வழக்கம். இதில் இருந்தது கல்யாணக் கார்டு. ஓரத்தில் மஞ்சள் கறை. ‘அவர்களின் கனிஷ்ட குமாரத்தி’ என்ற தமிழ் எழுத்துகள். கீழே 197 என்று மூன்று எண்கள். நான்காவது எண்ணைக் கத்தரிக்கோல் கொண்டுபோய்விட்டது.

செந்தூலில் அம்ப்ளிஃபயர் பழுதுபார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். மீட்டர் வைத்துப் பார்த்ததில் மூன்று பிக்கப்புகள் உயிரோடு இருந்தன. நான்காவதில் அசைவே இல்லை. "காயில் அறுந்துருச்சு தம்பி. புதுசா சுத்திக்கலாம்" என்றார். தலைமுடியைவிட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்ற வேண்டும். நம் ஊர் ஈரப்பதத்தில் அந்தக் கம்பி பச்சை பிடித்து அறுந்துபோவது புதிதல்ல. சுவிட்சுகளுக்குத் துரு நீக்கும் திரவம் அடித்ததும் கரகரப்பு போனது.

பெயின்ட்டைப் பற்றிக் கேட்டேன். வலது முழங்கை உரசும் இடத்தில் வார்னிஷ் போய் மரம் தெரிந்தது. "அதுல கை வைக்காதீங்க. அது அந்த மனுசனோட கை" என்றார்.

பிறகு ஃபிரெட்டுகளைக் காட்டினார். கழுத்தின் குறுக்கே பதித்த அந்த உலோகக் கோடுகளில், முதல் மூன்றில் மட்டும் கம்பி அழுந்திய பள்ளங்கள். மேலே உள்ளவை கிட்டத்தட்ட புதுசு. "லீட் வாசிச்சவர் இல்ல. பின்னால நின்னு கார்ட் பிடிச்சவர். ராத்திரி முழுக்கப் பிடிச்சிருக்கார்." பள்ளங்களைப் படம் எடுத்துக்கொண்டு, வாசிக்கத் தேவையான அளவுக்கு மட்டும் அரத்தால் தேய்த்தோம். கல்யாணக் கார்டையும் படம் எடுத்துவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தோம். ஐம்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கண்ணால் அளந்து வைத்த உயரம் இன்றும் சரியாகவே இருந்தது.

இத்தனையும் தெரிந்துவிட்டது, ஆள் யார் என்பதைத் தவிர. வானொலியில் ஒரு பாடலை ஒலியேற்றும்போது பாடகர், இசையமைப்பாளர், கவிஞர் பெயர்களைச் சொல்கிறோம். கித்தார் வாசித்தவர் பெயர் எங்கள் குறிப்பில் இருப்பதே அரிது. அதனால் ஒரு மாலை நிகழ்ச்சியில் நேயர்களிடமே கேட்டேன்: அந்தக் காலத்தில் மேடையில் கித்தார் வாசித்தவர் உங்கள் வீட்டில் உண்டா?

பதினொரு அழைப்புகள் வந்தன. இந்தக் கித்தாரை யாருக்கும் தெரியவில்லை. ஆனால் சுங்கை சிப்புட்டிலிருந்து ஓர் அம்மா, தோட்டத்தில் கிராணியாக இருந்த அப்பா வார இறுதியில் வாசித்ததையும், அண்ணன் படிப்புக்காக அதை விற்றதையும் சொன்னார். விற்ற அன்று அப்பா சாப்பிடவில்லையாம். கிள்ளானிலிருந்து ஒருவர், 78 வயதுப் பெரியப்பாவுக்கு வரிசையாக எல்லாப் பாட்டும் நினைவிருக்கிறது, ஒரு படம்கூடக் கையில் இல்லை என்றார். "இன்னைக்குத்தான் அவர்கிட்ட இதெல்லாம் கேட்டேன்" என்றும் சொன்னார்.

மரமும் இரும்பும் அவசரப்படுவதில்லை. இன்னும் முப்பது ஆண்டு கழித்துக் கழற்றினாலும் அந்தக் கித்தார் தன் ஊரைச் சொல்லும். பெரியப்பா அப்படிக் காத்திருக்க மாட்டார். உங்கள் வீட்டு அலமாரி மேலே பழைய கித்தாரோ ஆர்மோனியமோ தபேலாவோ இருந்தால், துடைப்பதற்கு முன் கேளுங்கள்: வாசித்தவர் யார், எந்தக் குழுவில், எந்தெந்த ஊரில்? அதை ஒரு தாளில் எழுதி அந்தப் பெட்டிக்குள்ளேயே போட்டு வையுங்கள். நாளைக்கு அது எந்தச் சந்தைக்குப் போனாலும், வாங்குபவர் திருகாணியைக் கழற்றாமலே பெயரைத் தெரிந்துகொள்வார்.