விமானம் மாறும் வேளையில் தெலுக் ஆயர் தெரு

சூலூர் மக்களுக்கு விமானம் புதுமையன்று. விமானப்படைத் தளம் ஊரை ஒட்டியே இருப்பதால், அதன் பேரோசை எங்கள் வகுப்பறைப் பாடத்தையும் சில நொடிகள் நிறுத்திவைக்கும். ஆயினும் அயல்நாட்டுப் பயணம் நம் குடும்பங்களில் பெருகியது அண்மைக் காலத்தில்தான். மெல்போர்னிலும் சிட்னியிலும் பணிபுரியும் பிள்ளைகளைக் காணப் பெற்றோர் புறப்படுகின்றனர். பீளமேட்டிலிருந்தே சிங்கப்பூருக்கு நேரடி விமானம் உண்டாதலால் அவ்வழியே செல்வோர் பலர். அங்கே அடுத்த விமானத்துக்கு எட்டு மணி, பத்து மணி நேரம் காத்திருக்க நேர்வதும் உண்டு. அந்நேரம் முழுவதையும் சாங்கி விமான நிலையத்தின் கம்பளத்தில் படுத்துக் கழித்துவிட்டு ஊர் திரும்புவோரே மிகுதி. அங்கிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில், நம் முன்னோர் பாய்மரக் கப்பலிலிருந்து இறங்கிய கரை இருக்கிறது என்பதை அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை.

முதலில் அனுமதியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இந்தியக் கடவுச்சீட்டு உடையோர் சிங்கப்பூருக்குள் நுழைய விசா வேண்டும். எனினும் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், பிரிட்டன், அமெரிக்கா, கனடா, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளுள் ஒன்றின் செல்லத்தக்க விசாவும், 96 மணி நேரத்துக்குள் புறப்படும் மறுபயணச் சீட்டும் இருப்பின், தனி விசா இன்றியே வெளியே விடும் முறை ஒன்று உள்ளது. அந்த விசா குறைந்தது இன்னும் ஒரு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இறுதி முடிவு குடிநுழைவு அதிகாரியின் கையில். கோலாலம்பூருக்கோ மேடானுக்கோ மட்டும் செல்வோருக்கு இச்சலுகை பொருந்தாது. அவர்கள் ஊரிலேயே சிங்கப்பூர் விசா பெற்றுக்கொள்ள வேண்டும். வருகை அட்டையை இணையத்தில் கட்டணமின்றி நிரப்பலாம். வருகைக்கு முந்திய மூன்று நாட்களுக்குள் அதைச் செய்துவிட வேண்டும். சீட்டு வாங்கும்போதே பெட்டிகள் கடைசி ஊர்வரை நேரே செல்லுமா என்று கேட்டுத் தெளிவதும் அவசியம். வாய்ப்புகையிலைப் பொட்டலம் சட்டைப்பையில் இருந்தால் ஊரிலேயே விட்டுவிடுங்கள். அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

நேரக் கணக்கு எளிது. குடிநுழைவுக்கு ஒரு மணி, போகவும் வரவும் இரண்டு மணி, புறப்பாட்டுக்கு முன் விமான நிலையத்தில் இரண்டரை மணி. எட்டு மணி நேர இடைவேளையில் நமக்கு எஞ்சுவது இரண்டரை மணியே. ஐந்தரை மணிக்கு மேல் 24 மணிக்குள் இடைவேளை உள்ளோருக்கு விமான நிலையத்தாரே இலவசப் பேருந்துச் சுற்றுலா நடத்துகின்றனர். அதற்கும் நுழைவு அனுமதி வேண்டும். முதியோருக்கு அது நல்லது. நடக்க இயன்றோருக்கு நான் சொல்வது ஒரே ஒரு தெரு. கைக்குக் கிடைத்த இரண்டு மணி நேரத்தில் ஐந்து இடங்களைப் பார்க்க ஓடுவோர் எதையும் பார்ப்பதில்லை.

விமான நிலையத்திலிருந்து அடுத்த நிலையமான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் வழித்தட ரயிலில் மாறினால் தெலுக் ஆயர் நிலையத்திலேயே இறங்கலாம். மலாய் மொழியில் தெலுக் என்றால் விரிகுடா, ஆயர் என்றால் தண்ணீர். இன்றோ அங்கே தண்ணீரைக் காண முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடலை மண்ணிட்டு நிரப்பிவிட்டனர். அலையடித்த இடத்தில் வங்கிகளின் கோபுரங்கள் நிற்கின்றன. அதற்கு முன் இத்தெருவே கடற்கரை. 1819இல் ஆங்கிலேயர் சிங்கப்பூரில் வணிகத் தளம் அமைத்த சில ஆண்டுகளுக்குள்ளேயே சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம்கள் வந்து இறங்கினர். சூலியாக்கள் என்று அவர்களை அழைத்தனர். 1822ஆம் ஆண்டின் நகரத் திட்டத்தில் சூலியா கம்போங் என அவர்களுக்கு ஒரு பகுதியே ஒதுக்கப்பட்டிருந்தது. வணிகரும் இருந்தனர், நாணயம் மாற்றுவோரும் இருந்தனர், படகிலும் துறைமுகத்திலும் உழைத்தோரும் இருந்தனர்.

அவர்கள் 1828க்கும் 1830க்கும் இடையில் எழுப்பியது நாகூர் தர்கா. மகான் ஷாஹுல் ஹமீது அவர்கள் அடங்கியிருப்பது நம் நாகூரில். இங்குள்ளது அவர்களின் நினைவிடம். தர்காக்கள் குறித்து நம்மிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இங்கே நான் கிளற விரும்பவில்லை. உயிரோடு கரை சேர்ந்த மக்களின் நன்றியுணர்வு அச்சுவர்களில் தெரிகிறது; எனக்கு அது போதும். கீழே ஐரோப்பியத் தூண்களும் வளைவுகளும், மேலே நம் நாட்டுப் பாணியில் துளையிட்ட சிறு சாளரங்களும் மனாராக்களும். 2011 முதல் அது இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. திறந்திருக்கும் நேரத்தை முன்பே விசாரித்துச் செல்க. அதே தெருவில் சீனக் குடியேறிகள் கடல் தாண்டி வந்த நன்றிக்காகக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில், 1842இல் முடிவுற்றது. அதையும் தாண்டிச் சில அடிகளில் அல் அப்ரார் பள்ளிவாசல். 1827இல் அது வெறும் கூரைக் குடிசை. ஆகவே நம்மவர் அதனைக் குச்சுப் பள்ளி என்றனர். செங்கல் கட்டடம் 1850களில்தான் எழுந்தது. குடிசை போய் ஒன்றே முக்கால் நூற்றாண்டு ஆகிறது, பெயர் மட்டும் போகவில்லை.

அங்கிருந்து பத்து நிமிட நடையில் சவுத் பிரிட்ஜ் சாலையின் ஜாமிஆ சூலியா பள்ளிவாசல். 1826இல் அன்சார் சாயபு என்பாரின் தலைமையில் நிறுவப்பட்டது. இப்போதுள்ள கட்டடம் 1830களைச் சேர்ந்தது. வாயிலின் இருபுறமும் ஏழடுக்கு எண்கோண மனாராக்கள். வாயில் சாலையோடு ஒழுங்காக நிற்க, தொழுகைக் கூடமோ கிப்லாவை நோக்கிச் சாய்ந்து திரும்பியிருக்கும். நிலத்தை அளந்து தெருப் போட்டவர்களுக்கும் தொழ வந்தவர்களுக்கும் இடையே நிகழ்ந்த அந்த உடன்பாட்டை உள்ளே நின்றுதான் உணர முடியும். அடுத்து நிற்பது 1827இல் தோன்றிய மாரியம்மன் கோயில்.

தொழுகை பற்றி ஒரு சொல். கடிகாரத்தை இரண்டரை மணி முன்னே தள்ளிவைக்க மறவாதீர். கொங்கு நாட்டில் நம்மில் பெரும்பாலோர் ஹனஃபிகள். அந்நாட்டில் ஷாஃபி மத்ஹபே பெருவழக்கு. எனவே அஸ்ர் பாங்கு நம் கணக்குக்கு முன்னதாகவே ஒலிக்கும். பயணி கஸ்ராகத் தொழுது உடனே கிளம்பலாம்.

திரும்புகையில் சைனாடவுன் நிலையம் அருகிலேயே உள்ளது. எக்ஸ்போ செல்லும் திசையில் ஏறி, அங்கே விமான நிலைய ரயிலுக்கு மாறுங்கள்; மறுபுறம் ஏறினால் அதே ரயில் நகரைச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ போய்விடும்.