அக்கா கேட்ட கேள்வி

கம்ப்யூட்டர் விளையாட்டு வேண்டுமென்று அடம் பிடிக்கும் பிள்ளை உங்கள் வீட்டிலும் உண்டா? அப்படியானால் இதைக் கேளுங்கள்.

மாமல்லபுரத்தில் இருக்கும் என் அக்கா, இரண்டு வருஷம் கட்டிய சீட்டை எடுத்தாள். கைக்கு வந்தது 40,000 ரூபாய். பழைய மானிட்டர் வீட்டிலேயே இருந்தது. மூவரும் செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறி, எழும்பூரில் இறங்கி, ரிச்சி தெருவுக்குப் போனோம்.

வண்ண விளக்கு எரியும் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும், "சித்தி, இதுதான்!" என்றான் பையன். காலேஜில் படித்த நானும் தலையாட்டிவிட்டேன். அக்கா மட்டும் கடைக்காரரிடம், "தம்பி, இதிலே எது கெட்டால் மற்றதையும் கூட்டிக்கொண்டு போகும்?" என்று கேட்டாள்.

அவர் சிரித்துவிட்டார். "எஸ்.எம்.பி.எஸ்., அக்கா. எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கிறது அதுதான். அதிலேதான் எல்லாரும் மிச்சம் பிடிக்கிறார்கள்."

விளக்குப் பெட்டி போயிற்று, நல்ல எஸ்.எம்.பி.எஸ். வந்தது. தனி கிராபிக்ஸ் கார்டுக்குப் பணம் போதவில்லை. 2021-ல் வெளியான ரைசன் 5 5600ஜி சிப்பில் படம் காட்டும் வேலையும் அடக்கம். ஆனால் அது ராமில் பங்கு கேட்கும். ஆகவே 16 ஜி.பி.யை ஒன்றாக வாங்காமல், 8 ஜி.பி. வீதம் இரண்டாகப் போட்டோம், வேகம் கூடும். கார்டைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

உப்புக் காற்று உலோகத்தை அரிக்குமே! கடல் பக்கத்து ஜன்னலை விட்டுத் தள்ளியே வைத்தோம்.

முதல் ஆட்டம் கார் பந்தயம் என்றா நினைத்தீர்கள்? 2022-ல் ஊரில் செஸ் ஒலிம்பியாட் நடந்தது முதல் அக்காவுக்குச் சதுரங்கப் பைத்தியம். பையன் பக்கத்தில் நின்று கெஞ்சுகிறான்: "அம்மா, என் முறை எப்போது?"