புள்ளி மறைஞ்சா போதுமா பாஸ்?

'குவாரன்டைன்'னு சொன்னதும் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? 2020! தெருவை அடைச்ச தகரத் தடுப்பு, வாசல்ல ஸ்டிக்கர், டம்ளர் டம்ளரா கபசுரக் குடிநீர்... ஆனா அந்த வார்த்தை பிறந்ததே கடல் ஓரமாத்தான். பிளேக் பயத்துல, வெனிஸ் துறைமுகத்துக்கு வர்ற கப்பல்களை 40 நாள் கரையை நெருங்க விடாம நிறுத்தி வெச்சாங்க. இத்தாலிய மொழியில 'குவாரன்டா'ன்னா நாற்பது. கப்பலுக்கு 40 நாள் சரி. கடல் மீனுக்கு எத்தனை நாள் தெரியுமா? எங்க மாமா வீட்டுல 76 நாள்!

மாமா ரயில்வேல இருந்து ரிடையர் ஆனவர். பெரம்பூர் வீட்டு ஹால்ல 300 லிட்டர் உப்புத்தண்ணித் தொட்டி வெச்சிருக்கார். அதுல ஒரு க்ளவுன் மீன் ஜோடி (நீங்க 'நீமோ'ன்னு சொல்வீங்களே, அதேதான்), ஒரு கோபி (மீன் பேருங்க, பக்கத்து வீட்டுப் பையன் இல்ல), ஒரு இறால், ஒரு அனிமோன். அந்த ஜோடி, அத்தான் கனடா போறதுக்கு முன்னாடி ஆசையா வாங்கி விட்டுட்டுப் போனது. ஞாயித்துக்கிழமை வீடியோ கால்ல அத்தான் முதல்ல கேட்கிறது 'அப்பா எப்படி இருக்கீங்க'ன்னு இல்ல, 'ஜோடியைக் காட்டுங்க'தான்! அத்தைக்கு அதுல கொஞ்சம் வருத்தம் உண்டு. ஆனாலும் போனைத் தொட்டிகிட்ட கொண்டுபோய்க் காட்டுறது அவங்கதான்.

இந்தக் குடும்பத்துக்குள்ள ஒருநாள் மஞ்சள் வால் வெச்ச ஒரு குட்டி நீல டாம்செல் வந்து சேர்ந்துச்சு. கடையிலேருந்து நேரா தொட்டிக்கு! ஒரு வாரத்துல அது உடம்புல ரவை தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி. அடுத்து ஜோடிக்கும் புள்ளி. பாறையில போய் உடம்பைத் தேய்க்குது, செவுளு படபடன்னு அடிக்குது. மாமா போன் பண்ணார். "மாப்ள, நீ இன்ஜினீயரிங்தானே படிக்கிறே... வாடா!" நான் படிக்கிறது மெக்கானிக்கல் மாமா!

புள்ளியைப் பார்த்ததும் சிலர் கல் உப்பு போடச் சொல்வாங்க. கொளத்தூர்ப் பக்கம் வளர்க்கிற நல்லதண்ணி மீனுக்கு அது சரி. இது உப்புத்தண்ணியிலேயே வாழுற மீன். உப்புக்கு இது என்ன பயப்படப் போவுது? அதுவும் இல்லாம, ரெண்டும் ஒரே கிருமியே இல்ல. கடல் மீனைப் பிடிக்கிற ஒட்டுண்ணிக்கு 'கிரிப்டோகாரியான் இரிட்டான்ஸ்'னு பேரு. இன்னொரு வில்லனும் இருக்கான், 'வெல்வெட்'. அவன் புள்ளி ரவை சைஸ் இல்ல, பவுடர் சைஸ். ரெண்டு மூணு நாள்லயே கதையை முடிச்சிடுவான். நமக்கு வந்தது முதல் ஆளு. அந்த வகையில தப்பிச்சோம்.

இந்த நோய்க்கு நல்ல மருந்து செம்பு. ஆனா செம்பைப் பெரிய தொட்டியில ஊத்த முடியாது. இறால், அனிமோன் ரெண்டும் காலி. பாறையும் மணலும் செம்பை உறிஞ்சிக்கும், அளவு நிக்கவே நிக்காது. அதனாலதான் தனியா ஒரு ஆஸ்பத்திரித் தொட்டி.

அதுல ஒண்ணும் ஆடம்பரம் கிடையாதுங்க. 60 லிட்டர் கண்ணாடித் தொட்டி. அடியில மணல் வேண்டாம், பாறை வேண்டாம். ஆர்.ஓ. தண்ணியில மீன் தொட்டிக்குன்னே விக்கிற கடல் உப்பு, லிட்டருக்கு 35 கிராம் வீதம் ரெண்டு கிலோவுக்கு மேல. ஒரு ஏர் பம்ப், ஒரு ஸ்பான்ஜ் ஃபில்டர். ஒளியறதுக்கு இடம் இல்லேன்னா மீன் பயந்தே சாகும், அதுக்காக பிளம்பிங் கடையில பி.வி.சி. எல்போ நாலு. ஃபில்டர்ல கரி இருந்தா எடுத்துடணும். இல்லேன்னா மருந்தை அது குடிச்சிடும். வலை, வாளி, மக் எல்லாம் தனி. பெரிய தொட்டியில கை விட்டா, சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சிட்டுத்தான் இங்க வரணும்.

மருந்துக் கணக்கு மட்டும் என் டிபார்ட்மென்ட். லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் செம்பு வேணும். 0.15-க்குக் கீழ போனா கிருமி சாகாது, 0.25-ஐத் தாண்டினா மீனுக்கே ஆபத்து. 60 லிட்டருக்கு வெறும் 12 மில்லிகிராம்! பாரிமுனை கெமிக்கல் கடையில மயில்துத்தம், அதாங்க காப்பர் சல்ஃபேட், சுத்தமான தரத்துல வாங்கினோம். அதுல கால் பங்குதான் செம்பு. 12 மில்லிகிராமுக்கு எந்தத் தராசைத் தேடுறது? அதனால ஒரு கிராமை எடை போட்டு ஒரு லிட்டர் தண்ணியில கரைச்சோம். அந்தக் கரைசல்ல 47 மில்லி ஊத்தினா கணக்கு நேர். அதையும் ஒரே மூச்சுல இல்ல, ரெண்டு நாளாப் பிரிச்சு. காலையில ஒரு டெஸ்ட், ராத்திரி ஒரு டெஸ்ட். அந்தப் பாட்டில் மேல அத்தை சிவப்பு ஸ்கெட்ச்ல 'விஷம்'னு எழுதி, பரண்ல ஏத்திட்டாங்க.

டாம்செல் மட்டும் இதையெல்லாம் பார்க்கல. தொட்டி ரெடி ஆகறதுக்கு முந்தின ராத்திரியே போயிடுச்சு. மத்த மூணையும் பிடிக்க, பாறையை எல்லாம் வெளியில எடுத்து அரை நாள் போராட்டம்.

புதுத் தொட்டியில இன்னொரு எமன் உண்டு, அமோனியா. மீனோட கழிவைத் தின்னுத் தீர்க்கிற பாக்டீரியா அங்க இன்னும் குடி வரலையே! நல்ல வேளை, மாமா பெரிய தொட்டியோட ஃபில்டர்ல உபரியா ஒரு ஸ்பான்ஜ் போட்டு வெச்சிருந்தார். பாக்டீரியா ஏறின அந்த ஸ்பான்ஜ்தான் எங்களைக் காப்பாத்துச்சு. அப்படியும் முதல் பத்து நாள் தினமும் 15 லிட்டர் தண்ணி மாத்தினோம். மாத்தின தண்ணியோட மருந்தும் போயிடும்ல? அதுக்கு 12 மில்லி திரும்ப. நடுவுல கரன்ட் வேற ஒருநாள் நாலு மணி நேரம் போச்சு. பேட்டரி ஏர் பம்ப் மட்டும் இல்லேன்னா கதை கந்தல். சூடான தண்ணியில ஆக்சிஜன் கம்மி, நம்ம ஊரு வெயில்ல கேட்கவே வேண்டாம்.

ஒன்பதாம் நாள் க்ளைமாக்ஸ்! மூணு மீன் மேலயும் ஒரு புள்ளி இல்ல. ஜோடி பளிச்னு இருக்கு, எல்போவுக்குள்ள புகுந்து புகுந்து விளையாடுது. மாமா வலையோட வந்துட்டார். "சரியாயிடுச்சு மாப்ள. பாவம், சிறையில கிடக்குதுங்க. பழைய வீட்டுக்கே விட்டுடலாம்."

அங்கதான் நான் குறுக்க நின்னேன். ஏன்னா, புள்ளி மறையறது நோய் குணமான அடையாளம் இல்ல. அந்த வெள்ளைப் புள்ளி, மீனோட தோலுக்கு அடியில உக்காந்து தின்னுற ஒட்டுண்ணி. மூணுலேருந்து ஏழு நாள் வயிறு முட்டத் தின்னுட்டு அதுவாவே கீழ விழும். மருந்து போடலேன்னாலும் விழும்! விழுந்தது பாறையிலயோ கண்ணாடியிலயோ ஒட்டி, சுத்திலும் ஓடு கட்டிக்கும். உள்ளேயே ஒண்ணு நூறுகளாப் பெருகும். அப்புறம் ஓட்டை உடைச்சு வெளியில நீந்தி மீனைத் தேடும். செம்பு கொல்றது இப்படி நீந்துறவனை மட்டும்தான். தோலுக்குள்ள இருக்கறவனையும் ஓட்டுக்குள்ள இருக்கறவனையும் அது தொடக்கூட முடியாது. ஆக, புள்ளி போன நாள்தான் எதிரி அடுத்த படையைத் திரட்டுற நாள்.

"சரி, எத்தனை நாள்டா?" - மாமா.

செம்புத் தண்ணியில 30 நாள். அது மீனுக்கு. பெரிய தொட்டிக்கு? ஓட்டுக்குள்ள இருக்கறவன் சில சமயம் 72 நாள் வரை கழிச்சுக்கூட வெளியில வந்திருக்கான்னு ஆய்வுல பதிவாகியிருக்கு. வந்தவனுக்கு ஒண்ணு ரெண்டு நாளைக்குள்ள மீன் கிடைக்கலேன்னா பட்டினிச் சாவு. இறாலையும் அனிமோனையும் அவன் பிடிக்க மாட்டான். அதனால பெரிய தொட்டியில 76 நாள் ஒரு மீன்கூட இருக்கக் கூடாது. காலி வீட்டுல கிருமி தானா சாகணும்.

மாமா வலையைக் கீழ வெச்சிட்டார். பால் கணக்கு குறிக்கிற காலண்டர்லயே அத்தை மீன் கணக்கையும் குறிக்க ஆரம்பிச்சாங்க. முப்பது நாள் முடிஞ்சதும் தண்ணியை மாத்தி, கரி போட்டு செம்பை எடுத்தோம். மிச்ச நாளெல்லாம் சும்மா பார்த்துக்கிட்டே இருக்கறதுதான். இருக்கறதுலயே கஷ்டமான வைத்தியம் அதுதான்னு அப்போதான் தெரிஞ்சது.

இவ்வளவு அக்கப்போர் எதுக்கு, செத்தா வேற மீன் வாங்கிக்கலாமேன்னு கேட்பீங்க. க்ளவுன் மீனைப் பண்ணையிலயே குஞ்சு பொரிக்க வெச்சு வளர்க்கலாம். நம்ம மண்டபத்துல இருக்கற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையத்துலயே அதைச் செஞ்சு காட்டியிருக்காங்க. ஆனா கடைக்கு வர்ற மத்த கடல் மீன் வகைகள்ல பெரும்பாலானது பவளப்பாறையிலேருந்து பிடிச்சு வந்ததுதான். நம்ம தொட்டியில ஒண்ணு செத்து, பதிலுக்கு ஒண்ணு வாங்கினா, கடல்ல இன்னொண்ணு குறையுது. அந்த டாம்செல் மலிவா வந்ததுதான். அதுக்காக அதோட உயிரும் மலிவா என்ன?

76-ம் நாள் ஒரு வியாழக்கிழமை. மூணையும் பெரிய தொட்டியில விட்டோம். ஜோடி நேரா அனிமோன்கிட்ட போகும்னு கேமராவோட நின்னா, அதுங்க அரை மணி நேரம் மூலையில நின்னு முறைச்சுதுங்க. அப்புறம் பெண் மீன் மட்டும் மெதுவாப் போய் உரசிப் பார்த்துச்சு. கொஞ்ச நேரத்துல ஆணும். அத்தான் ஞாயித்துக்கிழமை வரைக்கும் காத்திருக்கல, அன்னிக்கே கால் பண்ணிட்டார்.

ஆஸ்பத்திரித் தொட்டியை மாமா பரண்ல ஏத்தல. இனிமே எந்தப் புது மீன் வந்தாலும் முதல்ல அங்க தங்கிட்டுத்தான் ஹாலுக்கு வரணும்னு சட்டம் போட்டுட்டார். நீங்களும் கடல் மீன் வாங்கக் கிளம்பிட்டீங்களா? மீன் கடைக்கு அப்புறம் போகலாம் பாஸ். முதல்ல பிளம்பிங் கடைக்குப் போய் நாலு எல்போ வாங்குங்க!